உள்ளே மடித்த துணி

பீரோவுக்கு இரும வரவில்லை.

கணையத்தில் வந்த கட்டியை வெட்டியெடுத்து, குடலையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் புதிதாக இணைத்துத் தைத்த பெரிய ஆபரேஷன். அது நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. உள்ளே கசிவு இல்லை, ரத்தப்போக்கு இல்லை என்று டாக்டரே சிரித்த முகத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அதை இருமி வெளியே தள்ளினால் ஆள் பிழைத்தான். தள்ளாவிட்டால் மறுபடி தொண்டைக்குள் குழாயைச் செருகி மெஷினில் போட வேண்டும்.

"மெஷினுக்குப் போறவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்லம்மா," என்று பிசியோதெரபி பார்க்கிற அம்மாள் அவன் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "அவர் உட்காரணும், நிக்கணும், இருமணும். எந்த மருந்தும் இதுக்கு ஈடாகாது."

அவனோ எதையும் செய்யமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், வயிற்றின் இரண்டு பக்கமும் வடிகுழாய்கள். மூச்சு விடும்போதெல்லாம் கொதிக்கிற பானைக்குள் இருந்து வருவதுபோல ஒரு களகள சத்தம். மனைவி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

பீரோ என்பது அவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது தொழில். இளவட்டமாக இருந்தபோது ஓர் இரும்பு பீரோவை முதுகில் சுமந்து, தனியாளாக மூன்றாம் மாடி வரைக்கும் ஏறினான். கூட வேலை செய்தவர்கள் வெறுங்கையோடு பின்னாலேயே ஏறி வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரை விழுங்கிவிட்டது. அவன் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். "பீரோவுக்குச் சாவி யார்கிட்ட?" என்று லாரிக்காரர்கள் கேலி செய்தால், "அந்தா, தைச்சுக்கிட்டு இருக்கா," என்பான். அவன் போடுகிற சட்டை, கால்சட்டை எல்லாமே அவள் தைத்ததுதான். பெல்ட் கட்டும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. சுமையைத் தூக்கக் குனிந்தால் கொக்கி வயிற்றில் குத்தும். அதனால் இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவன் நேற்றுக் காலை கீழே விழுந்தான்.

தனியாக எழுந்திருக்கக் கூடாது, மணியை அடித்தால் ஆள் வருவார்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனைவி டீ வாங்கக் கீழே போன நேரம். பாத்ரூம் நாலு எட்டில்தான் இருந்தது. ஆயிரம் பீரோ தூக்கின காலுக்கு நாலு எட்டு நடக்க ஆள் வேண்டுமா என்று நினைத்திருப்பான். கட்டிலின் ஓரத்துக்கு வந்து, சுமையைத் தூக்குகிற மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே எழும்பாக எழும்பினான். முழங்கால்கள் இரண்டும் மடிந்தன. சத்தம் கேட்டு மூன்று பேர் ஓடிவந்து தூக்கினார்கள். குழாய் பிடுங்கிக்கொள்ளவில்லை, தையல் பிரியவில்லை, எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரேயில் தெரியாதது ஒன்றுதான் உடைந்தது. அதன் பிறகு அவன் பிசியோ அம்மாளைக் கிட்டவே விடவில்லை.

"உள்ள வர்றப்ப என் கால்ல நடந்து வந்தேன்," என்று தம்பியிடம் சொன்னான். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. "சட்டை கச்சிதமா இருந்துச்சு. ஆளு அப்படியே இருந்தேன். இந்தக் கொஞ்ச நாள்ல காலு எப்படிடா நூலாப் போகும்? முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுல நரம்ப வெட்டிட்டாங்க. என்னய முடமாக்கிட்டாங்க."

தம்பியும் அதே லாரியில் வேலை செய்கிறவன். அண்ணன் சொன்னால் ஆற்றில்கூடக் குதிப்பான். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவனுக்கு, யானை தரையில் கிடந்ததைப் பார்த்ததும் ரத்தம் கொதித்துவிட்டது.

"அண்ணி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். நான் போய் வண்டி பேசிட்டு வரேன். அதுக்கப்புறம் இவங்களப் பார்த்துக்கிறேன்."

அவன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. எந்த நிமிஷமும் வண்டியோடு வந்துவிடுவான். அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நரம்பை யாரும் வெட்டவில்லை என்பது அந்தக் கட்டிடத்திலேயே வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவனைப் பார்த்ததும், "என்ன, பாதியாப் போயிட்டே?" என்று கேட்பதை நலம் விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் எங்கேயும் உண்டு. கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். கேட்கப்பட்டவனுக்குத்தான் சாப்பாடு இறங்காது. இந்த நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பீரோவுக்குப் பசி குறைந்திருந்தது. துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி, அவனை வாசலில் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். அன்று ராத்திரி அவன் தட்டைத் தொடவில்லை. அவனுடைய பெரியண்ணன் நாளுக்கு நாள் துரும்பாக இளைத்துத்தான் செத்துப்போனான். அந்த வீட்டில் இளைப்பு என்றால் சாவு என்றே அர்த்தம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவளிடம் ஊசி இருந்தது. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, சட்டையின் பக்கத் தையல்களைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் தைத்தாள். தோள்பட்டையை ஒடுக்கினாள், கையைக் குறுக்கினாள், இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து முடிந்தாள். மறுநாள் அதே ஆள் அதே சட்டையில் கச்சிதமாகத் தெரிந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டான். ஒருதரம் பலித்த வித்தையை யார்தான் விடுவார்கள்? உடம்பு வற்ற வற்ற அவள் தைத்துக்கொண்டே வந்தாள். தோளிலும் தொடையிலும் இருந்த சதையெல்லாம் கரைந்துபோக, தொப்பை மட்டும் காட்டிக்கொடுக்காமல் ஓரளவு மிஞ்சியிருந்தது. கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, ஸ்கேன் எடுத்து, கணையத்தில் கட்டி என்று தெரிந்த பிறகும் அவன் தன்னைப் பழைய ஆளாகவே நம்பிக்கொண்டிருந்தான். கண்ணாடியை அவன் நம்பவில்லை. மஞ்சள் காமாலை மூஞ்சியை அப்படிக் காட்டுகிறது என்பான். சட்டையை நம்பினான்.

ஆபரேஷனுக்கு முன்னால் உணவு ஆலோசகர் கூப்பிட்டுப் பேசினார். முன்பு என்ன எடை இருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாமானை எடை போடுவோம், ஆளை எங்கே போட்டோம் என்று சிரித்தான்.

"துணியெல்லாம் லூசாச்சா? சட்டை, கால்சட்டை?"

"அதெல்லாம் இல்லீங்க. இது போன வருஷம் இவ தைச்சது. இன்னைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இல்ல?"

ஆலோசகர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா? தசை ரொம்பக் குறைஞ்சிருந்தா, முன்னாடியே நல்ல சாப்பாடு, பயிற்சி எல்லாம் குடுத்துத் தேத்திட்டுத்தான் வெட்டுவோம். இல்லேன்னா பின்னாடி எழுந்திருக்கக் கஷ்டப்படுவாங்க."

உண்மை அவள் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், கட்டி வளரும், அதற்குள் இவன் பயந்தே செத்துப்போவான் என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு. புருஷனின் முன்னால், அவன் பெருமையாகத் தூக்கிக் காட்டிய சட்டையைப் பொய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஆமாங்க," என்று தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். பூசணிக்காய் இல்லாமல் போனதை அவள் மறைத்துக் காட்டினாள்.

அவள் ஸ்டூலில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்தபோது டாக்டர் வந்தார். கையில் ஸ்கேன் படம். அதை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"இது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க, அதுதான் தசை. உங்க தொழிலுக்கு இது கனமா இருக்கணும். அப்பவே மெலிஞ்சு போயிருக்கு. நான் கட்டியையே பார்த்துட்டு இருந்தேன், இதை கவனிச்சிருக்கணும். அது என் தப்பு. ஆனா நரம்புக்கு ஒண்ணும் ஆகல. இப்ப எழுந்து பழகினா கால் திரும்ப வரும்."

"வெட்டுனதுக்கு அப்புறம் எந்தப் படத்த வேணும்னாலும் காட்டலாம் டாக்டர்," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் அவளை வாசல் வரைக்கும் கூட்டிப் போனார். "இந்த நிலைமையில வண்டியில ஏத்தினா வழியிலேயே மூச்சு முட்டிடும். நாங்க சொன்னா நம்பமாட்டேங்கிறார். நீங்க சொல்லிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள சளி வெளிய வரலேன்னா குழாய் போடுறத தவிர வேற வழி இல்ல." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து சேர்ந்தான். "அண்ணி, வண்டி கீழ நிக்குது. அண்ணனுக்குச் சட்டையப் போட்டு விடுங்க. நான் கையெழுத்து விஷயத்தப் பார்க்கிறேன்."

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்தாள். வந்த அன்றைக்கு அவன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை மடித்தபடி மேலேயே இருந்தது. அதை எடுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் இந்த ஆள் நொறுங்கிப்போவான். சொல்லாவிட்டால் கீழே வண்டி நிற்கிறது. எது நடந்தாலும் காரணம் தன் கைதான்.

"தம்பி, கொஞ்சம் நில்லு," என்றாள்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அவன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"என்னங்க, இதப் பாருங்க. டாக்டர் பொய் சொல்லல. பொய் சொன்னது நான்."

அவனுக்குப் புரியவில்லை. பக்கத் தையலுக்கு உள்ளே தடிப்பாக மடிந்து கிடந்த துணியைப் பிரித்துக் காட்டினாள். ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக நூல் வரிசைகள் போயின. எப்போதும் கூடவே இருக்கும் சின்ன நூல் கத்தரியை இடுப்பிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த வரிசையின் நுனியை வெட்டினாள்.

"இது நீங்க இங்க வந்து சேர்றதுக்கு முந்தின நாளு தைச்சது." நூலை உருவினாள். துணி விரல்கனம் விரிந்தது. "இது ஸ்கேன் எடுத்தப்ப." அடுத்ததை உருவினாள். "இது அரிப்பு தாங்காம ராத்திரியெல்லாம் நடந்தீங்களே, அப்ப. இது கண்ணு மஞ்சளானப்ப. இது துணி தைக்கக் குடுக்க வந்தவ வாசல்ல நின்னு பாதியாப் போயிட்டீங்கன்னு சொன்னாளே, அன்னைக்கு."

மறுபக்கத்தையும் தோளையும் அப்படியே பிரித்தாள். நூல் துணுக்குகள் போர்வையின் மேல் விழுந்தன. தம்பி வாயைத் திறந்தபடி நின்றான். அவள் சட்டையை நேராகத் திருப்பி, படுத்திருந்தவனின் நெஞ்சின் மேல் அப்படியே விரித்தாள். இரண்டு பக்கமும் கட்டில் மேல் வழிந்தது. அதன் தோள் அவன் தோளைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

அவன் சட்டையைப் பார்த்தான். அதற்குள் இருந்த தன்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"துணி லூசாச்சான்னு அந்தம்மா கேட்டப்ப தலையாட்டினியே."

"ஆட்டினேன்."

"ஏன்டி?" என்றான். இத்தனை வருஷத்தில் அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "எல்லாரும் என்னப் பார்த்து… நான் பாட்டுக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டு… என்னப் பொம்மையாக்கி உடுத்தி விட்டிருக்க. விழுந்தேனே, அப்பவாவது வாயத் திறந்தியா? நான் கண்டவனையும் சந்தேகப்பட்டுக்கிட்டு… பாவி, கூடவே படுத்துக்கிட்டு—"

பேச்சு நின்றது. கோபம் தொண்டையில் முட்டி, அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல் கிளம்பியது. வலியில் கண்கள் பிதுங்கின. அடுத்த அறையில் இருந்த பிசியோ அம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தாள். வந்தவள் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. தலையணையை எடுத்து அவன் வயிற்றுத் தையலின் மேல் வைத்து, அவன் கைகளை அதன்மேல் அழுத்திப் பிடித்தாள்.

"அப்படித்தான் அண்ணே. தலகாணிய அமுக்கிக்கிட்டு இன்னொண்ணு."

"இவ என்ன செஞ்சா தெரியுமா?"

"என்னமோ செஞ்சிருக்காங்க. திட்டுங்க. நல்லாத் திட்டிட்டு இருமுங்க."

திட்டினான், இருமினான். பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டிச் சளி கிண்ணத்தில் விழுந்தது. மறுபடி திட்டினான், மறுபடி இருமினான். கடைசியில் திட்டத் தெம்பில்லாமல் வியர்த்துச் சாய்ந்தபோது அந்தக் களகள சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

"வெளிய போ," என்று மனைவியிடம் சொன்னான். "உன் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கல."

அவள் போனாள். நடைக்கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவன் வெறுத்தது சுட்டது. அவன் இருமியது இனித்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பி அவளைப் பார்க்காமல் தாண்டிப் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வண்டிய அனுப்பிட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வெயில் சாய்கிற நேரத்தில் பிசியோ அம்மாள் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். "கூப்பிடுறார். ஆனா தொடக்கூடாதாம். சொல்லச் சொன்னார்."

அவன் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். பிரித்த சட்டையை மேலே மாட்டியிருந்தான். அது கொக்கியில் தொங்குவது போலத் தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது, தோள் முனை தெரிந்தது. முதல் தடவையாக அவள் எதையும் மறைக்காமல் அவனைப் பார்த்தாள். இத்தனை போய்விட்டதா என்று இருந்தது.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பிசியோ அம்மாள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

"டேய்," என்றான் பீரோ. "தூக்க முடியாத பீரோவ என்னடா செய்வோம்?"

தம்பி மூக்கை உறிஞ்சினான். "கீழ வச்சு, மூலைய மாத்தி மாத்தித் திருப்பி நடத்துவோம்ண்ணே."

"நான் நடத்தியிருக்கேனா?"

"நீ எங்க நடத்துன? எல்லாத்தையும் தூக்கித்தான் போட்ட."

"இன்னைக்கு நடத்துவோம்."

மெத்தையில் கையூன்றி உடம்பை முன்னால் சாய்த்தான். நேற்றைப்போல ஒரே எழும்பாக எழும்பவில்லை. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. மனைவியின் கை தானாக நீண்டது. அவன் அதைப் பார்த்தான், அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் நின்றான். வலது பாதத்தைக் குதிகாலில் திருகி ஒரு மூலை வைத்தான். நின்று மூச்சு வாங்கினான். இடது பாதத்தைத் திருகினான். தம்பி லாரியில் குரல் கொடுப்பதுபோலவே மெதுவாக, "விடாத… விடாத… இன்னொரு மூலை," என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாற்காலியில் அவன் உட்கார்ந்தபோது எல்லோருக்கும் வியர்த்திருந்தது.

"இன்னும் கண்டம் தாண்டலண்ணே," என்றாள் பிசியோ அம்மாள். "நாளைக்கு ரெண்டு தடவை. நான் திட்டினாலும் செய்யணும்." சத்துமாவு கரைத்த பால் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, நாலு மடக்குதான் என்று சொல்லிப் போனாள். தம்பியும் அவள் பின்னாலேயே நழுவினான்.

இருவர் மட்டும் இருந்தார்கள். அவன் சட்டையின் ஓரத்தைத் திருப்பி, ஊசி போன பொட்டுகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"இவ்வளவு துணி உள்ள கிடக்கு. வெட்டியிருந்தா வெளிய தடிப்புத் தெரியாம இன்னும் நல்லா இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன் வெட்டல?"

"வெட்டிட்டா, தேறி வந்து எதப் போடுவீங்க?"

அவன் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கிண்ணத்துக்காகக் கையை நீட்டினான். அவள் ஊட்டப் போகாமல், கிண்ணத்தை அவன் கையிலேயே கொடுத்தாள். முதல் மடக்கில் பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் கொட்டியது. துடைக்க வேண்டும் போல அவளுக்குத் துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவன் அடுத்த மடக்குக் குடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.